குளம் வற்றினால் கிணறு வற்றும்



தண்ணீரைச் சிக்கனமாகப் பாவிப்போம் என்று எழுதிய சுவரொட்டி எதைப் பார்த்தாலும் அதில் ஒரு குழாய் இருக்கும். குழாயின் வாயில் ஒரு துளி தொங்கும். கொழும்புக்கு அந்தப் படம் பொருந்தும். இங்கே ஒட்டினால், "அது சரி, எங்கட ஒழுங்கைக்கு எப்ப ஐயா குழாய் வரும்?" என்றுதான் கேட்பீர்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்று மாவட்டத்திலும் பெரும்பாலான குடும்பங்கள் இன்றைக்கும் குடிப்பதும் குளிப்பதும் கிணற்றுத் தண்ணீரில்தான். கிணற்றுக்குப் பூட்டும் இல்லை, மாதாந்தப் பட்டியலும் இல்லை. அதனால் கிணற்றுக்குள் இருப்பது எங்கள் வளவுத் தண்ணீர், எங்கள் சொந்தத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த நினைப்போடுதான் நான் இன்று வழக்காட வந்திருக்கிறேன்.

கிணற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? யாழ்ப்பாணத்தில் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்பும் குகையும் நிறைய உண்டு, மழைநீர் இறங்கித் தங்கும். எங்கள் உட்பகுதி அப்படியில்லை. வவுனியாவிலும் முல்லைத்தீவின் உட்புறத்திலும் கிளிநொச்சியின் தெற்கிலும் கீழே கிடப்பது கருங்கல். அதன்மேல் உக்கிப்போன பாறைப்படை ஒன்று இருக்கிறது. பல இடங்களில் இருபது முப்பது அடியோடு அது முடிந்துவிடும். திறந்த கிணறு உயிரோடு இருப்பது அந்த மெல்லிய படையில்தான். அந்தப் படை எவ்வளவு நீரைப் பிடிக்கும் என்பதை மண்ணியல் அறிஞர் சி. ஆர். பானபொக்க போன்றவர்கள் நெடுங்காலம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். மழை நின்று சில மாதத்தில் அது வடிந்துவிடும். வடியாமல் அதைத் தாங்கிப் பிடிப்பது பக்கத்தில் இருக்கும் குளம். குளத்தில் நீர் நிற்கும் வரைக்கும் அணைக்குக் கீழேயுள்ள கிணறுகளில் ஊற்று நிற்கும். குளத்தின் அடி தெரியத் தொடங்கிய சில கிழமையில் கிணற்றடியில் வாளி கல்லில் இடிக்கும். இது முதியவர்களுக்குத் தெரிந்த சங்கதி. கிணறு வெட்ட இடம் பார்க்க வருகிறவர் முதலில் குளம் எந்தத் திசையில் என்று கேட்பது அதனால்தான்.

ஆக, உங்கள் வீட்டுக் கிணறு ஊர்க்குளத்தின் ஒரு மூலை. வீட்டில் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் குளம் போனால் கிணறு போகும்.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். பின்வரிசையில் நிற்கும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளே, கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து பேர் உள்ள வீடு. ஒருவருக்கு நாளைக்கு 100 லீற்றர் என்று தாராளமாகவே வைப்போம். ஒரு ஆண்டுக்கு 1,82,500 லீற்றர் வருகிறது. மறுபக்கம், சிறுபோகத்தில் ஒரு ஏக்கர் நெல். துருசு திறந்ததிலிருந்து அறுவடை வரை அதற்கு நாலு ஏக்கர் அடி தண்ணீர் போகிறது என்று வைப்போம். சில வயலுக்கு அதைவிடக் கூடப் போகும். ஒரு ஏக்கர் அடி என்பது 12 லட்சத்து 33 ஆயிரம் லீற்றர். நாலால் பெருக்கினால் 49 லட்சத்துக்கு மேல். ஒரு ஏக்கர் சிறுபோக நெல் குடிக்கும் தண்ணீர் இருபத்தேழு குடும்பங்களின் ஒரு வருடத் தண்ணீர்!

இதைச் சொன்னதும் முன்வரிசையில் இரண்டு ஐயாமாருக்கு முகம் மாறுகிறது. கமக்காரனைக் குற்றவாளி ஆக்குகிறான் என்று நினைக்க வேண்டாம். நெல் விளையாவிட்டால் அந்த இருபத்தேழு குடும்பமும் எதைச் சாப்பிடும்? நான் கேட்பது, சேமிப்பு என்று வரும்போது எங்கே கைவைத்தால் பலன் கூட என்பதைத்தான். சமையலறையில் ஒரு குடம் மிச்சம் பிடிக்கச் சொல்லி அம்மாமாருக்கு வகுப்பு எடுக்கிறோம். வாய்க்காலில் ஓர் இரவில் எவ்வளவு வீணாகப் போகிறது என்று எவருக்கும் வகுப்பு எடுப்பதில்லை. குடம் சுமப்பவளுக்கு உபதேசம் செய்வது எல்லோருக்கும் சுகமாக இருக்கிறது.

பெரிய உதாரணமாக இரணைமடுக் குளத்தையே எடுப்போம். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் உற்பத்தியாகி, முல்லைத்தீவு மாவட்டத்தால் வந்து, கிளிநொச்சியில் இரணைமடுவில் தேங்கி, மிஞ்சியது சுண்டிக்குளம் களப்பில் விழுகிறது. மூன்று மாவட்டத்துக்கும் ஒரு ஆறு. அதில் அணை கட்டலாம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே திட்டம் போட்ட வெள்ளைக்காரப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர். 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தொடங்கப்பட்டது. அது கையில் எடுத்த ஆரம்பகால வேலைகளில் ஒன்று இது. 1920களின் தொடக்கத்தில் முடிந்தது. பின்னர் அணை பல தடவை உயர்த்தப்பட்டது. 1930களில் யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றியதும் இந்தத் தண்ணீரை நம்பித்தான். கிளிநொச்சி என்ற பட்டினம் இந்தக் குளத்தின் பிள்ளை. கடைசியாக நடந்த புனரமைப்பில் கொள்ளளவு 14.8 கோடி கனமீற்றர் ஆனது. கீழே ஏறத்தாழ 21,000 ஏக்கர் வயல்.

2018 டிசெம்பர் முற்பகுதியில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன புனரமைத்த குளத்தைத் திறந்து வைத்தார். இரண்டு கிழமைக்குள், 21, 22ஆம் திகதிகளில், கொட்டிய மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளக்காடாகின. வான்கதவுகளை எப்போது திறந்திருக்க வேண்டும் என்று பிறகு பெரிய விவாதம். அதற்குச் சற்று முன்னர், 2016, 2017இல், நாற்பது ஆண்டில் காணாத வறட்சி என்று நாடு முழுக்கப் பேசப்பட்டது. பவுசர் வரும் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு வீதியோரக் கறுப்புத் தாங்கிகளுக்குப் பக்கத்தில் கான்களை அடுக்கி வைத்துக் காத்திருந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். ஒரு கையில் வறட்சி, மற்றக் கையில் வெள்ளம். எங்கள் மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதத்தில் பெரும்பாலும் பெய்து முடித்துவிடும். தை மாதத்துக்குப் பிறகு பெய்வதை நம்பி ஒன்றும் செய்ய இயலாது. தண்ணீர் இல்லாத ஊர் என்று எங்களைச் சொல்லக்கூடாது. வந்த தண்ணீர் தங்காத ஊர்.

இரணைமடு என்றதும் யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் விவகாரம் நினைவுக்கு வரும். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு வந்த திட்டத்தை இங்குள்ள கமக்காரர் எதிர்த்தார்கள். அங்குள்ளவர்கள் மனம் நொந்தார்கள். ஒரே பாசை பேசும் இரண்டு ஊருக்கு நடுவில் கசப்பு வந்தது. கடைசியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்றைத் தாளையடியில் கட்டி, 2024 ஓகஸ்டில் திறந்தார்கள். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். அந்த வழக்கைத் திரும்பத் தோண்டுவது என் நோக்கம் இல்லை. அளவை மட்டும் பாருங்கள். அந்த நிலையம் வருடம் முழுக்க ஒருநாளும் நிற்காமல் ஓடினால் தருவது 87 லட்சத்து 60 ஆயிரம் கனமீற்றர். இரணைமடு நிறைந்து நிற்கும்போது உள்ள நீரில் ஆறு வீதம். முன்னர் சொன்ன கணக்கில், சுமார் 1,800 ஏக்கர் சிறுபோக நெல்லின் தண்ணீர். இவ்வளவுக்குத்தான் கடலைக் காய்ச்சாத குறையாக மின்சாரத்தைச் செலவழிக்கிறோம். வாய்க்காலில் ஆறு வீதம் மிச்சம் பிடிப்பது அவ்வளவு கடினமா? கமக்காரர் சொல்வார்: "ஐயா, மிச்சம் பிடிச்சால் அதைக் குழாயில கொண்டுபோயிடுவாங்கள். அதுக்குப் பிறகு வறட்சி வந்தால் எங்களுக்கு ஆர்?" நியாயமான பயம். சேமிப்பவனுக்கே சேமித்ததில் முதல் உரிமை என்று எழுத்தில் இல்லாத நாட்டில் எவரும் சேமிக்க மாட்டார்கள்.

இந்தப் பயத்தின் சின்ன வடிவம் ஒவ்வொரு வாய்க்காலிலும் உண்டு. முறைத் தண்ணீர் வருகிறது. உங்கள் வயலுக்கு நாலு விரல் உயரம் போதும். ஆனால் அடுத்த முறை சொன்ன நாளில் வருமா என்று நிச்சயம் இல்லை. ஆகவே வரம்பு முட்ட நிரப்புகிறீர்கள். நிரம்பியது வரம்பு வழிந்து கழிவு வாய்க்காலுக்குப் போகிறது. நீங்கள் நிரப்பியதால் கடைமடையில் இருப்பவருக்கு அன்றைக்கு வரவில்லை. அவர் அடுத்த நாள் இரவு மண்வெட்டியோடு வந்து யாரோ ஒருவருடைய மடையை உடைக்கிறார். பேராசை உள்ளவர் இந்தக் கதையில் யாருமே இல்லை. ஒருவரையொருவர் நம்பாதவர்கள் மட்டும் இருக்கிறார்கள். முன்னொரு காலத்தில் வட்ட விதானை என்று ஒருவர் இருந்தார். அவர் சொன்னால் தண்ணீர் திரும்பும், அவர் சொன்னால் நிற்கும். அவருக்கு வயலில் பங்கு நெல்லும் கிடைத்தது. அந்த அதிகாரத்தில் அநியாயமும் கலந்திருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. என்றாலும் எந்த நாள் யாருக்குத் தண்ணீர் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. இன்று அந்த வேலை கமக்காரர் அமைப்பின் தலையில் விழுந்திருக்கிறது. அமைப்புக்குக் கூட்டம் கூட்டவும் கடிதம் எழுதவும் அதிகாரம் இருக்கிறது. மடை உடைத்தவரைக் கேட்கும் துணிவு எல்லா அமைப்புக்கும் இல்லை. முறை அட்டவணையை வாய்க்காலுக்கு வாய்க்கால் பலகையில் எழுதிப் போடுங்கள். தண்ணீர் சொன்ன நாளில் வரட்டும். நாலு விரல் உயரத்தோடு மடையை அடைக்க ஆட்கள் தாமாகவே பழகுவார்கள்.

நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் கட்டி நிற்க வேண்டும் என்பதும் பாதி உண்மை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பல நாடுகளில் பரப்பிய முறை ஒன்று உண்டு. துளை போட்ட பிளாஸ்ரிக் குழாய்த் துண்டு ஒன்றை வயலில் பதித்து, உள்ளே நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். மண்ணுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் வரை இறங்கும்வரை பொறுத்துப் பிறகு பாய்ச்சலாம். கதிர் பறிந்து பூக்கும் காலத்தில் மட்டும் காயவிடக்கூடாது. விளைச்சல் குறையாமலே 15 முதல் 30 வீதம் வரை தண்ணீர் மிச்சமாகிறது என்பது அவர்கள் கண்டது. "தண்ணி நிக்காட்டில் புல் முளைக்குமே!" என்பீர்கள். முளைக்கும். ஆகையால் முதல் மூன்று கிழமைக்கு நீரைக் கட்டிப் புல்லை அமர்த்திவிட்டு அதன்பின் தொடங்க வேண்டும். குழாய்த் துண்டுக்கு ஆகும் செலவு ஒரு தேநீர்க் கடைச் செலவு.

இதைவிடப் பழைய புத்தி ஒன்று எங்களிடமே இருக்கிறது: புழுதி விதைப்பு. முதல் மழைக்கு முன்னரே உழுது, புழுதியில் விதைத்துவிட்டால், காலபோகத்தின் பாதியை வானமே பார்த்துக்கொள்ளும். குளத்து நீர் கடைசிக்கு மிஞ்சும். மாரி தொடங்கிக் குளம் நிரம்பட்டும் என்று காத்திருந்து பிந்தி விதைப்பவர், பெய்யும் மழையை வயலில் வாங்காமல் கடலுக்கு அனுப்பிவிட்டு, குளத்து நீரை எடுத்து வயலுக்கு விடுகிறார். 1970களின் பிற்பகுதியில் அனுராதபுரப் பக்கம் வலகம்பாகுவ என்ற கிராமத்தில் விவசாயத் திணைக்களத்தினர் இதையே செய்து பார்த்தார்கள். நேரத்தோடு விதைத்ததால் சின்னக் குளத்தில் மிஞ்சிய நீரை அடுத்த போகத்துக்குப் பாவிக்க முடிந்தது. சிறுபோகத்தில் எல்லா ஏக்கரிலும் நெல்தான் வேண்டும் என்ற பிடிவாதத்தையும் விட்டால் நல்லது. உழுந்து, பயறு, நிலக்கடலை மூன்றும் நெல்லின் பாதித் தண்ணீருக்கும் குறைவாகக் கேட்பவை. இரணைமடுவில் சிறுபோகத்துக்கு இருக்கும் நீரைப் பார்த்துப் பங்கு பிரிக்கும் வழக்கம் இருக்கிறதே, அது நாட்டுக்கே முன்மாதிரி. இல்லாத தண்ணீருக்கு விதைப்பதில்லை என்று ஒரு சமூகமே கூடி முடிவெடுப்பது சின்ன விசயம் இல்லை.

பெரிய குளத்தைப் பற்றிப் பேசியது போதும். எனக்குக் கவலை சின்னக் குளங்களைப் பற்றி. 1895இல் ஜே. பி. லூயிஸ் என்ற அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றிப் பெரிய கைநூல் ஒன்று எழுதினார். கைவிடப்பட்டுக் காடு மூடிக் கிடந்த குளங்களைப் பற்றியும் அதில் எழுதினார். அவற்றில் பல பின்னர் திருத்தப்பட்டன. வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று பெரியவை மீண்டன. ஊருக்கு ஊர் இருக்கும் கைக்குளங்களைத்தான் அரசாங்கமும் மறந்தது, நாங்களும் மறந்தோம். இந்தக் குளங்கள் தனித்தனியே வெட்டப்பட்டவை அல்ல. மேட்டுக் குளம் வான் பாய்ந்தால் கீழ்க்குளத்துக்குப் போகும், அதன் வயல் கழிவு அடுத்ததற்குப் போகும். இந்தத் தொடரமைப்பைப் பேராசிரியர் மத்தும பண்டார 1985இல் விளக்கி எழுதினார். 2017இல் ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு இலங்கை உலர் வலயத்தின் குளத்தொடர் முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமை என்று ஏற்றது. உலகம் ஏற்றுக்கொண்டது. நாங்கள் அதற்குள் வேலி போடுகிறோம்.

வேலி என்று சும்மா சொல்லவில்லை. அலைகரைக்குள் பயிர் செய்வது, நீரேந்து பகுதிக் காட்டை வெட்டிக் காணி பிடிப்பது, நகரத்தில் குளத்துக்குள் மண் போட்டு மேடாக்குவது எல்லாம் நடக்கின்றன. வவுனியா நகரக் குளத்துக்குள் மண் கொட்டியபோது நகரத்து மக்கள் எழுந்து நின்று எதிர்த்தார்கள். அந்த மாதிரியான எதிர்ப்பு ஒவ்வொரு ஊரிலும் இருந்திருந்தால் இன்று பல குளம் மிஞ்சியிருக்கும். மேல்காட்டில் மருதும் நாவலும் நின்றால் மழைநீர் மெல்ல இறங்கி வரும். மரம் போனால் மண்ணோடு பாய்ந்து வரும், குளம் தூர்ந்துபோகும். ஆற்றுமணலும் அப்படித்தான். கனகராயன் ஆற்றிலும் பேராற்றிலும் இரவில் ஓடும் டிப்பர்களைப் பற்றி இங்கே யாருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆற்று மணல் நீர் குடித்து வைத்திருக்கும் பஞ்சு. அதை அள்ளிக் கொண்டுபோய் மாடி வீடு கட்டிவிட்டு, கிணறு வற்றிவிட்டது என்று குழாய்க்கிணறு அடிக்கிறோம்.

குளத்தில் நீரை அப்படியே பூட்டி வைத்தாலும் சேமிப்பு ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் வெயிலிலும் சோளகக் காற்றிலும் திறந்த நீர் நாளைக்கு ஐந்து மில்லிமீற்றர் அளவில் ஆவியாகும். மாசியிலிருந்து புரட்டாதி வரை கணக்குப் போட்டால் நாலடி. ஆழம் குறைந்த கைக்குளத்தில் நாலடி என்பது பாதிக் குளம். ஆகவே தூர் வாரும்போது அகலத்தைப் பார்க்காமல் ஆழத்தைப் பார்க்க வேண்டும், அதுவும் அணையோரம் தோண்டாமல். அணையடியில் தோண்டி உடைப்பெடுத்த குளங்கள் உண்டு. மண்ணுக்குள் இறங்கிய நீரை வெயில் குடிக்க முடியாது. கிணற்றில் இருப்பது அந்த நீர்.

கிணற்றுக்கு வந்துவிட்டோம். போர்க்காலத்தில் மண்ணெண்ணெய்க்குத் தடை இருந்த ஆண்டுகளில் துலாவாலும் கப்பியாலும் இறைத்தோம். கை வலிக்கும், நிறுத்திவிடுவோம். கை வலிதான் அன்றைக்குச் சட்டம். இரண்டு அங்குல மோட்டர் நிமிடத்துக்குச் சில நூறு லீற்றர் எடுக்கும். அதற்கு வலிக்காது. இப்போது சூரிய மின்தகட்டில் ஓடும் மோட்டர் வந்திருக்கிறது. எரிபொருட் செலவே இல்லை. நல்ல விசயம்தான், ஆனால் நிறுத்தச் சொல்லும் கடைசிக் காரணமும் போய்விட்டது. பகல் முழுக்க ஓடட்டும் என்று விட்டுவிட்டுச் சந்தைக்குப் போகிறோம். ஒருவர் இப்படி இறைத்தால் மூன்று வளவு தள்ளி ஒரு விதவைத் தாயின் கிணறு வற்றும். யார் வற்ற வைத்தது என்று அவளுக்குத் தெரியவும் தெரியாது. சூரிய மோட்டர் வைப்பவர் தாங்கி ஒன்றும் சொட்டு நீர்க் குழாயும் சேர்த்தே வைக்க வேண்டும் என்று மானியம் கொடுப்பவர்கள் நிபந்தனை போடலாம்.

பழைய கிணத்தடியை நினைத்துப் பாருங்கள். குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும், வாழை தாண்டித் தென்னைக்குப் போகும், பாத்திரம் கழுவியது கீரைப் பாத்திக்குப் போகும். எங்கள் வீட்டுத்திட்ட வீடுகளில் குளியலறையை உள்ளே கட்டி, கழிவை நேரே குழிக்குள் விட்டுவிட்டோம். வெளியே ஒரு குழாய் வளைத்துவிட்டால் நாலு வாழை தின்னலாம். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் ஐம்பது அடியாவது இருக்கட்டும். சின்னக் காணிகளில் அயலவன் குழி உங்கள் கிணற்றுக்குப் பக்கத்தில் வரும். மதிலுக்கு இரண்டு பக்கமும் நின்று பேசி இடம் குறிக்க வேண்டிய விசயம் இது. அழுக்கான நீரும் இல்லாத நீரும் ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது, கிணறு நிறையத் தண்ணீர் இருக்கப் பவுசருக்குக் காத்திருந்தார்கள்.

இனிக் கூரைக்கு வருவோம். நாம் வீணாக்கும் நல்ல தண்ணீர் அங்கே இருக்கிறது. இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு ஏறத்தாழ 550 சதுர அடி, அதாவது 51 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீற்றர் என்று குறைத்தே வைப்போம். ஐந்தில் ஒன்று வீணாகிறது என்றும் கழிப்போம். 40,000 லீற்றர் நிற்கிறது. அவ்வளவையும் பிடிக்க வேண்டியதில்லை. ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 25 லீற்றர் என்றால், மாசியிலிருந்து புரட்டாதி வரை எட்டு மாதத்துக்கு 6,000 லீற்றர் போதும். மழைநீர் சேகரிப்பு மன்றத்தினர் இங்கே வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் கட்டித்தந்த சீமெந்துத் தாங்கிகளில் 8,000 லீற்றர் பிடிப்பவை உண்டு. கணக்கு ஒத்துப்போகிறது. பூநகரிக் கரையோரத்தில் கிணறு உவர்க்கிறது. வவுனியாவில் பல இடங்களில் கிணற்று நீரில் புளோரைட் கூட, பிள்ளைகளின் பற்களில் மஞ்சள் கறை தெரிகிறது. சிறுநீரக நோய் வேறு. அதன் காரணத்தைப் பற்றி விஞ்ஞானிகள் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை, ஆனால் குடிநீரை மாற்றச் சொல்கிறார்கள். கூரைத் தண்ணீரில் உவரும் இல்லை, புளோரைட்டும் இல்லை.

பிறகு ஏன் பல தாங்கிகள் வெறுமையாகக் கிடக்கின்றன? நான் போய்ப் பார்த்த வீடுகளில் ஒன்றில் தாங்கிக்குள் நெல் மூட்டை, இன்னொன்றில் விறகு. பீலி உடைந்து தொங்குகிறது. மழைத்தண்ணீர் குடித்தால் தடிமன் வரும் என்கிறார் ஆச்சி. "சப்பென்று இருக்குது" என்கிறார் மருமகள். உவர் நீரில் தேநீர் குடித்துப் பழகிய நாக்குக்கு நல்ல தண்ணீர் சப்பென்றுதான் இருக்கும், ஒரு மாதத்தில் பழகும். முதல் மழையைத் தாங்கிக்குள் விடாமல் வெளியே விட வேண்டும், கூரைக் குப்பையும் காக எச்சமும் அதோடு போகட்டும். தாங்கி வாய்க்கு நுளம்பு புகாத வலை வேண்டும். குடிக்க முன் கொதிக்க வையுங்கள். இவ்வளவுதான் வேலை, ஆனால் ஒவ்வொரு ஆண்டும் செய்ய வேண்டிய வேலை. சட்டம் இதைச் செய்து தராது. இந்த நாட்டில் 2005இல் மழைநீர்க் கொள்கையும் 2007இல் நகர அபிவிருத்திச் சட்டத்தில் அதற்கான திருத்தமும் வந்தன. தமிழ்நாட்டில் 2003இலேயே வீட்டுக்கு வீடு கட்டாயமாக்கினார்கள். பராமரிக்காமல் விட்ட இடங்களில் மழைநீர்க் குழிகள் மண் மூடின. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனது.

குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருக்கும் கிராமச் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே போகும் நீரில் பாதிக்குக் கிட்ட கழிவாக வெளியே வருகிறது. குடிக்கத்தான் உதவாது. மலசலகூடத்துக்கும் நிலம் கழுவவும் அது போதும். பள்ளிக்கூடத்தில் இயந்திரம் இருந்தால் கழிவுக் குழாயை மலசலகூடத் தாங்கிக்குத் திருப்பிவிடுங்கள். ஒரு நாள் குழாய்வேலை.

நேரம் போய்விட்டது, அவைத் தலைவர் மணியைப் பார்க்கிறார். ஒன்றை மட்டும் கேட்டு முடிக்கிறேன். புரட்டாதியில் காலபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். அரசாங்க அதிபர் இருப்பார், நீர்ப்பாசனப் பொறியியலாளர் இருப்பார், கமநல சேவை அதிகாரிகள் இருப்பார்கள். உரம் எப்போது வரும், காப்புறுதி எப்போது வரும் என்று கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான். அதோடு இதையும் கேளுங்கள்: போன சிறுபோகத்தில் எங்கள் குளத்துத் துருசால் எத்தனை ஏக்கர் அடி தண்ணீர் வெளியே போனது, அது எத்தனை ஏக்கரை விளைவித்தது, கடைசி நாளில் குளத்தில் மிஞ்சியது எவ்வளவு? இந்த மூன்று எண்ணையும் கமக்காரர் அமைப்பின் பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள். மாதர் சங்கத்திலிருந்து இரண்டு பேராவது அந்தக் கூட்டத்துக்குப் போங்கள், கிணறு வற்றினால் நடக்க வேண்டியவர்கள் நீங்கள். பதில் கிடைக்காவிட்டால் அடுத்த கூட்டத்திலும் எழுந்து நின்று இதையே கேளுங்கள்.